ஓர் இரவும் நாற்பது நாட்களும்

செகந்திராபாத் பத்மாராவ் நகரில் நமது இல்லத்துப் பரண்மீது ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதனுள் அறுபத்து மூன்று ஒலிநாடாக்கள். 1980-களில் நம் தந்தையார் ‘டூ-இன்-ஒன்’ பெட்டியின் முன் இரவுதோறும் அமர்ந்து, சென்னை, திருச்சி, கொழும்பு, லண்டன் என்று எட்டிய தமிழ்க் குரல்களையெல்லாம் பதிவு செய்துவைத்தார். பகலில் தெளிவாகக் கேட்காத சென்னையின் மத்திய அலை, அந்தி சாய்ந்தபின் வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி, இடையிலுள்ள சுமார் 500 கிலோமீட்டரைக் கண்ணிமைக்குமுன் கடந்துவிடும். ஊரை விட்டு வந்தவர்க்கு அது எத்தகைய ஆறுதல் என்பதை நேயர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

நாடாக்களின்மீது அவர் எழுதியிருப்பதோ ‘நாடகம்’, ‘நாடகம் – நன்று’, ‘செவ்வாய்’ என்பவையே. எந்த நாடகம்? எந்த ஆண்டின் செவ்வாய்?

இத்துன்பம் நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1939 ஆகஸ்டில், போர் மூளும் தறுவாயில், பி.பி.சி. நிறுவனம் அயல்நாட்டு ஒலிபரப்புகளைக் கேட்டுத் தொகுக்கும் பிரிவொன்றைத் தொடங்கியது. ஈவ்ஷம் என்னும் சிற்றூரின் அருகே இயங்கிய அப்பிரிவு 1943-இல் கேவர்ஷம் மாளிகைக்கு மாறியது. ஜெர்மனி, ஆஸ்திரியா முதலிய நாடுகளிலிருந்து அடைக்கலம் புகுந்த படித்தவர் பலர் அங்கே இரவுபகலாகக் கேட்டு மொழிபெயர்த்தனர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் அவர்களை நம் முன்னோராக எண்ணுவதில் தவறில்லையல்லவா? பிற்காலத்தில் கலை வரலாற்றறிஞராகப் புகழ்பெற்ற கோம்பிரிச் அவர்களுள் ஒருவர். 1945 மே 1 அன்று ஜெர்மானிய வானொலி, முக்கிய அறிவிப்பு வருமென்று கூறிவிட்டு, புருக்னரின் ஏழாம் சிம்பொனியிலிருந்து சோகமான பகுதியை ஒலிபரப்பிற்று. அது வாக்னரின் மறைவை நினைந்து இயற்றப்பட்டது என்பதை அறிந்திருந்த கோம்பிரிச், ஹிட்லர் இறந்திருக்கவேண்டும் என்று அறிவிப்புக்கு முன்னரே ஊகித்துவிட்டார். இரைச்சலுக்கிடையே வரும் பேச்சைக் கேட்க, என்ன பேசப்படக்கூடும் என்பது முன்பே தெரிந்திருக்கவேண்டும் என்று 1960-இல் வெளியிட்ட நூலொன்றில் அவர் விளக்கினார்.

அவர்களிடமும் பதிவுக் கருவி இருந்தது. அது மெழுகு உருளை. தேவை முடிந்ததும் மேற்பரப்பைச் சீவிவிட்டு மீண்டும் அதிலேயே பதியலாம். ஆகவே ஒலியைச் சேர்த்துவைப்பது அவர்கள் நோக்கமாக இருக்கவில்லை. கேட்டதைத் தாளில் எழுதி, நாள்தோறும் தொகுப்பாக வெளியிட்டனர். அத்தாள்கள்தாம் இன்று லண்டன் போர் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் ஆராய்ச்சியாளருக்குப் பயன்படுகின்றன. நம் நாட்டிலும் அகில இந்திய வானொலியின் இத்தகைய பிரிவு பல்லாண்டுகள் சிம்லாவில் இயங்கியது.

ஐதராபாத்தும் இவ்வரலாற்றுக்கு அயலானதன்று. நிஜாம் அரசு 1935-இல் ஏற்று நடத்திய தக்காண வானொலி, 1950 ஏப்ரலில் அகில இந்திய வானொலியோடு இணைந்தது. 1983-இல் அமெச்சூர் வானொலிக்கான தேசிய நிறுவனம் இங்கே தோன்றியது. தூர நிலையங்களைத் தேடிக் கேட்போரும் இந்நகரில் பலர் உண்டு.

அவர்களுடைய இன்றைய இடர் நம் தகரப் பெட்டியைச் சிறிதாக்கிவிடுகிறது. கணினியோடு இணையும் புதிய வானொலிக் கருவி ஒரு நிலையத்தையன்று, மத்திய அலை முழுவதையும் ஒரே சமயத்தில் பதிந்துவிடும். 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரை, ஒன்பது ஒன்பதாக, 120 அலைவரிசைகள்! ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 18 ஜிகாபைட். எட்டு மணி நேர இரவொன்றைப் பதிந்தால், அதைக் கேட்டு முடிக்க 960 மணி நேரம் வேண்டும். உண்ணாமல் உறங்காமல் நாற்பது நாட்கள். மறுநாள் இரவும் கருவி விழித்திருக்குமே, என் செய்வது?

அனுபவமிக்கோர் அனைத்தையும் கேட்பதில்லை. நிலையங்கள் தம் பெயரைச் சொல்லும் வேளை பெரும்பாலும் மணி அடிக்கும் நேரமே. அதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நிமிடங்களை வைத்துக்கொண்டு எஞ்சியதை அழித்துவிடுகிறார்கள். வைத்துக்கொண்டதற்கும் நாள், நேரம், அலைவரிசை, கேட்ட சொற்கள் ஆகியவற்றை அன்றிரவே எழுதிவிடுகிறார்கள். அழிக்க மனம் வராதவர்களின் வட்டுகள் நிரம்பிக் கிடக்கின்றன. நாமும் அவ்வினத்தைச் சேர்ந்தவரே.

நம் நாடாக்களை அழிப்பதற்கில்லை. லண்டன் தமிழோசை 2017 ஏப்ரல் 30-உடன் வானொலியில் ஓய்ந்தது. நம்மிடமுள்ள அரைமணி வேறெங்கும் இல்லாமலிருக்கலாம். சென்ற தீபாவளிக்குப் பரணை ஒழித்தபோது நம் தாயாரின் பழைய பால் கணக்கு நோட்டு கிடைத்தது. லிட்டர்க் கணக்கின் ஓரத்தில், தந்தையாரின் சிறிய எழுத்தில், தேதியோடு, ‘திருச்சி, 9.30, நாடகம், நடுவில் மழை இரைச்சல்’ என்றிருந்தது. ஞாயிறுதோறும் ஒரு நாடாவை ஓடவிட்டு, மழையும் மின்தடையும் எங்கே வருகின்றன என்று நோட்டோடு ஒப்பிட்டு வருகிறோம். இதுவரை பதினேழு நாடாக்களுக்குத் தேதி கிடைத்திருக்கிறது.