இரண்டாம் முறை வைத்த கை



பெத்சாயிதாவில் ஆண்டவர் குருடன் ஒருவனுக்குப் பார்வையளித்ததை மாற்கு 8-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஒரு வார்த்தையால் புயலை அடக்கியவர், இவன்மேல் இரண்டு முறை கைகளை வைத்தார். முதல் முறைக்குப்பின் அவனுக்கு மனிதர் மரங்களைப்போல் தெரிந்தார்கள். நம்மில் பலர் நிற்பது அந்த இடைவேளையில்தான். ஞானஸ்நானம் பெற்று ஆண்டுகள் பல ஆகியும் பழைய கோபம் தணியவில்லை; பழைய காயம் ஆறவில்லை. 'என் விசுவாசம் பொய்யோ?' என்று கலங்குகிறோம்.

நம் திருவிடைமருதூரோடு தொடர்புடைய வரலாறு ஒன்றைக் கேளுங்கள். 1798-இல் பதவியிழந்த தஞ்சை மராத்திய அரசர் அமரசிங் வந்து தங்கியது இவ்வூரில்தான். அவருக்குப்பின் அரசரானவர் இரண்டாம் சரபோஜி.

1787-இல், மரணத்தறுவாயிலிருந்த துளஜா மன்னர், தாம் தத்தெடுத்த ஒன்பது வயதுச் சரபோஜியைச் சுவார்ட்ஸ் ஐயரின் பாதுகாப்பில் ஒப்படைத்தார். ஆனால் அந்தத் தத்து செல்லாதென்று பண்டிதர்கள் கூறவே, கும்பினியார் அமரசிங்கை அரியணையேற்றினர். சிறுவனோ அரண்மனையில், வெளிச்சம் நுழையாத அறையில், கல்வியின்றி அடைபட்டான்.

ஐயர் செய்தவற்றில் அற்புதம் என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. கும்பினியாருக்கு முறையிட்டார், ஆசிரியரை ஏற்பாடு செய்தார், தடைகள் வந்தபோது மீண்டும் முறையிட்டார். 1793-இல் சிறுவனைச் சென்னைக்குக் கொண்டுசென்றார். அங்கே கெரிக்கே ஐயர் அவனுக்குக் கற்பித்தார். இருட்டறையில் ஒடுங்கிய பிள்ளை, பல மொழிகள் கற்ற இளைஞனாக வளர ஆண்டுகள் பிடித்தன. 1798 பிப்ரவரி 13 அன்று சுவார்ட்ஸ் ஐயர் உயிர் நீத்தார். சரபோஜி அரியணையேறியது அவ்வாண்டு ஜூன் மாதத்தில். ஐயர் அதைக் காணவில்லை.

இன்னொன்றையும் மறைக்கலாகாது: சரபோஜி கிறிஸ்தவராகவில்லை. தம் குலத்தின் வரலாற்றைத் தஞ்சைப் பெரியகோயிலின் சுவரில்தான் பொறிக்கச் செய்தார். இது சிலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். பிள்ளைக்காகவோ கணவருக்காகவோ பல்லாண்டு ஜெபித்தும் பலன் காணாத தாய்மாரே, உங்களுக்காகவே இதைச் சொல்லுகிறேன். ஐயரிடம் ஒப்படைக்கப்பட்டது ஒரு பிள்ளை. அப்பிள்ளையின் முடிவு தேவனுடைய கையில் இருந்தது. அவர் நடுவில் கைவிடாமல் தம் பங்கைச் செய்தார்.

தஞ்சையில் சுவார்ட்ஸ் ஆலயத்துக்குச் சென்றால், சரபோஜி தம் ஆசானுக்காக இங்கிலாந்தின் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு செய்வித்த பளிங்குச் சிற்பத்தைப் பாருங்கள். மரணப்படுக்கையிலிருக்கும் ஐயரின் அருகே அரசர் நிற்கிறார். பிற்காலத்தில் அவ்வரசர் கண் மருத்துவத்தில் மிகுந்த ஈடுபாடு காட்டினார். அவர் காலத்து நோயாளிகளின் கண்களை வரைந்து, சிகிச்சை விவரங்களையும் எழுதிவைத்த ஏடுகள் சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்றும் உள்ளன.