ரேவல்சின்னி வந்த வழி

பனியன் தொழிலால் பெயர்பெற்ற திருப்பூரில், வேளை தவறி உண்டு மலச்சிக்கலால் வருந்துவோர் நாட்டு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சரக்குகளுள் ஒன்று ரேவல்சின்னி. அறபியர் இதனை 'ராவந்து ஸீனீ' என்றனர். சீனத்து ராவந்து என்பது பொருள். (நாம் தேநீரில் இடும் சீனியும் அந்நாட்டுப் பெயர் தாங்கியதே!) சுல்தான் சலாஹுத்தீனின் மருத்துவர் இப்னு ஜுமைஃ இக்கிழங்கு குறித்துத் தனி நூலே வரைந்தார்.

இதன் பிறப்பகமான சீனத்தில், கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த மருத்துவர் சாங் சோங்சிங், மலம் இறுகிக் குடல் அடைபட்டோருக்கு ஒரு கஷாயம் வகுத்தார். இக்கிழங்குடன் நாரத்தைப் பிஞ்சு, மக்னோலியா மரப்பட்டை, பேதியுப்பு போன்றதோர் உப்பு ஆகியவை அதிற் சேரும். வயிறு கழிந்ததும் மீதியைக் குடிக்கலாகாது என்றும் விதித்தார். வயிறு உப்பி, வாந்தியெடுத்து, வாயுவும் பிரியாது துடிப்பவருக்குப் பேதி மருந்து கொடுப்பது உயிருக்கே ஆபத்து; அவரை உடனே மருத்துவமனையிற் சேர்த்தல் வேண்டும்.