அடுப்படிப் புகை போன வழி

சாயங்கால நேரத்தில் ஓட்டு வீடுகள் நிறைந்த ஊரைத் தூரத்திலிருந்து பார்த்தால் கூரைகளே மெல்லப் புகைவதுபோல் இருக்கும். புகைபோக்கி என்று தனியாக ஒன்றும் இருக்காது. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவிலுள்ள இடுக்குதான் புகை வெளியேறும் வழி. அங்கே போய்ச் சேருமுன் அது அடுப்படி முழுவதையும் சுற்றி வந்துவிடும். முதலில் புகுவது, அடுப்பின் முன் குத்தவைத்து ஊதாங்குழலால் ஊதிக்கொண்டிருப்பவளின் கண்ணிலும் நெஞ்சிலும்.

வீடு கட்டியவர்களுக்குப் புகையைப் பற்றித் தெரியாமல் இல்லை. செட்டிநாட்டிலும் தஞ்சைப் பக்கத்திலும் நீளவாக்கில் கட்டு கட்டாகக் கட்டப்பட்ட வீடுகளில் அடுப்படி கடைசிக் கட்டில், கொல்லையை ஒட்டி இருக்கும். திண்ணையில் வந்து உட்காருகிறவருக்குக் குழம்பு வாசம் வரலாம், புகை வராது. புகையை வீட்டை விட்டு அனுப்பியதாகச் சொல்ல முடியாது. புகையையும் சமைக்கிறவர்களையும் சேர்த்துப் பின்கட்டுக்கு அனுப்பினார்கள், அவ்வளவுதான். வசதியுள்ள சில வீடுகளில் அடுப்புக்கு நேர் மேலே கூரையைக் கொஞ்சம் தூக்கி, பக்கவாட்டில் திறப்பு விட்டுப் புகைக்கூண்டு வைத்தார்கள். ஒற்றை அறைக் கூரை வீட்டில், வாசற்படிதான் புகைக்கும் வாசல்.

புகைக்கு மரியாதையும் இருந்தது. அடுப்புக்கு மேலே பரணில் விதைக்கு எடுத்து வைத்த சோளக்கதிரும் சுரைக்குடுக்கையும் தொங்கும். புகை பட்ட விதையை வண்டு அண்டாது. புகை பட்ட மூங்கிலைச் செல் சீக்கிரம் அரிக்காது. கரி ஏறிய ஒட்டடை குச்சம் குச்சமாகத் தொங்கும் அந்தக் கூரை பொங்கலுக்கு முன்தான் தூசி தட்டப்படும். பிற்காலத்தில் புகைபோக்கி வைத்த அடுப்புகளைச் சில வீட்டார் தயங்கித் தயங்கி ஏற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்ணெரிச்சல் மட்டும் தொன்றுதொட்டு அப்படியே இருக்கிறது. குறுந்தொகை 167ஆம் பாட்டில் கூடலூர் கிழார் காட்டும் புதுமணப் பெண், தயிர் பிசைந்த விரலை உடுத்திய துணியிலேயே துடைத்துக்கொண்டு புளிக்குழம்பு வைக்கிறாள். தாளிப்புப் புகை அவள் மையிட்ட கண்ணில் ஏறுகிறது. கணவன் இனிது என்று சொல்லி உண்ண, அவள் முகம் மலர்கிறது. அந்த அன்பைப் பாராட்டாத தமிழாசிரியர் இல்லை. அந்தப் புகையையும் ஒரு வரலாற்றுச் செய்தியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுப்பை மாற்ற வேண்டும் என்ற பேச்சு ஓர் இயக்கமாகக் கிளம்பியது வார்தாவில். தஞ்சாவூரில் பிறந்து, அமெரிக்காவில் பொருளாதாரம் படித்து, கணக்குத் தணிக்கை செய்துவந்த ஜே.சி. குமரப்பா, காந்தியின் அழைப்பை ஏற்று அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை நடத்தினார். 1934இல் தொடங்கிய அந்தச் சங்கத்துக்கு வார்தாவின் மகன்வாடியில் இடம். செக்கு, கைக்குத்தல் அரிசி, காகிதம் என்று பரிசோதனைகள் நடந்த அதே வளாகத்திலிருந்து 1947இல் ‘மகன் சூலா’ என்ற புகையில்லா அடுப்பு வெளிவந்தது.

ஆறு ஆண்டுகள் கழித்து, ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எஸ்.பி. ராஜு கோடிக்கணக்கான குடும்பங்களுக்கான புகையில்லாச் சமையலறை பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். 1953இல் அதை வெளியிட்டது சென்னையிலிருந்த கிறிஸ்தவ இலக்கியச் சங்கம். அவர் வடிவமைத்ததும் மண் அடுப்புதான். ஒரு வாயில் விறகு வைத்தால் சூடு முதல் பானையைத் தாண்டி அடுத்தடுத்த பானைகளுக்கும் போகும். மிஞ்சும் புகை குழாய் வழியே கூரைக்கு மேலே போய்விடும். புகை, கரி, வெக்கை, விறகுச் செலவு, தீ விபத்து ஆகிய ஐந்திலிருந்தும் பெண்களுக்கு விடுதலை என்று ராஜு நம்பினார். அரசாங்கங்கள் அணைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு பொறியாளர் அடுப்படியில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அவர் பெயர் இன்னும் பலருக்குத் தெரிய வேண்டும்.

1980களில் மத்திய அரசே இதைக் கையில் எடுத்தது. மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டம் 1983இல் தொடங்கி 2002 வரை நடந்தது, ஏறத்தாழ 3.5 கோடி அடுப்புகள் கட்டப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை நிலைக்கவில்லை. குழாய்க்குள் கரி படியும். படிந்தால் இழுவை குறையும். குறைந்த மறுநாளே புகை அறைக்குள் திரும்பும். குழாயை இறக்கித் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று பல வீடுகளில் யாரும் சொல்லித்தரவில்லை. கீற்றுக் கூரையைத் துளைத்துக்கொண்டு போகும் குழாயிலிருந்து பொறி பறந்து கூரையில் பட்டால் என்ன ஆகும் என்ற பயம் வேறு. அண்டாவுக்கும் சட்டிக்கும் அடுப்புவாய் பொருந்தாதபோது வாயை இடித்துப் பெரிதாக்கிக்கொண்டார்கள். புகை மறுபடி பழைய வழிக்கு வந்தது.

ஒடிசா கிராமங்களில் எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரெமா ஹன்னா மூவரும் இதே கதையை எண்களில் பார்த்தார்கள். புகைபோக்கி அடுப்பு பெற்ற வீடுகளில், சமைத்தவர்கள் சுவாசித்த புகை முதல் ஆண்டில் குறைந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த வித்தியாசம் மறைந்துபோனது. அடுப்பைப் பழுது பார்க்கவும் குழாயைத் துப்புரவு செய்யவும் வீடுகளில் நேரம் ஒதுக்கப்படவில்லை. இதைப் பெண்களின் அசட்டை என்று எழுதிவிடுவது அநியாயம். தண்ணீர் தூக்கி, விறகு பொறுக்கி, மூன்று வேளையும் சமைக்கிறவர்மேல் இன்னொரு வேலையை ஏற்றிவிட்டு, வீட்டில் மற்றவர்கள் அந்தக் குழாயை ஏறிட்டும் பார்க்கவில்லை.

நகரங்களில் கதை வேறு திசையில் போனது. மரத்தூள் அடுப்பும் கரியடுப்பும் போய்த் திரி ஸ்டவ், பம்ப் ஸ்டவ் வந்தன. புகை குறைந்தது, மண்ணெண்ணெய் வாடை ஒட்டிக்கொண்டது. 1965இல் கல்கத்தாவில் இண்டேன் எரிவாயு அறிமுகமானது. தமிழ்நாட்டில் ஏழை வீடுகளுக்கு எரிவாயு அடுப்பு பெரிய அளவில் போய்ச் சேர்ந்தது 2006இல் பதவியேற்ற அரசின் இலவச அடுப்புத் திட்டத்தால். நாடு தழுவிய உஜ்வலா எரிவாயுத் திட்டம் அதற்குப் பத்தாண்டு கழித்து வந்தது.

இந்த மாற்றத்தின் அருமை என்னவென்று அளந்து சொன்னதும் சென்னை ஆய்வாளர்கள்தான். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழ்நாட்டின் 436 கிராமத்து வீடுகளில் கருவி வைத்து அளந்து 2002இல் முடிவுகளை வெளியிட்டார்கள். விறகு, வரட்டி எரிக்கும் வீடுகளில் சமைக்கிறவர் 24 மணி நேரத்தில் சுவாசித்த காற்றில், கன மீட்டருக்குச் சராசரியாக 231 மைக்ரோகிராம் நுண்துகள். சமையலில் இறங்காதவருக்கு 90. எரிவாயு போன்ற எரிபொருள் உள்ள வீடுகளிலோ யாராக இருந்தாலும் ஏறக்குறைய 82. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு விதமான காற்று இருந்திருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

மாடிக் குடியிருப்புகளில் ‘சிம்னி’ நுழைந்தது எரிவாயு வந்த பிறகு, புகை போய்விட்டது என்று எல்லோரும் நினைத்த பிறகு. கான்கிரீட் கூரைக்கு இடுக்கு கிடையாது. தாளிப்பு நெடி கூடம் வரை போய்த் திரைச்சீலையில் தங்கியது. வாங்கியவர்கள் சொன்ன காரணம் பெரும்பாலும் நெடியும் சுவரில் ஏறும் பிசுக்கும். எரிவாயுத் தீயிலிருந்து நைட்ரஜன் டை ஆக்சைடு வரும் என்பதோ, மிளகாய் வற்றலைக் காயும் எண்ணெயில் போடும்போது நுண்துகள் எகிறும் என்பதோ அங்கே பேச்சில் இல்லை. அதனால்தான் சுவரைத் துளைக்க முடியாத வீடுகளில் குழாயே இல்லாத சிம்னியும் விற்றது. அது காற்றை உறிஞ்சிக் கரி வடிகட்டி வழியாக அதே அறைக்குள் திருப்பி விடுகிறது. வாசம் குறையும், வாயுக்கள் பெரும்பாலும் அறையிலேயே இருக்கும். குழாய் வைத்த வீட்டிலும் நாலு திருப்பம் திருப்பிக் கொண்டுபோனால் இழுவை பாதியில் சோர்ந்துவிடும். அடுப்பிலிருந்து இரண்டு இரண்டரை அடி உயரத்துக்குள் அதை மாட்டச் சொல்வதும், புகை அதிகம் வரும் வாணலியைச் சுவரோரத்து பர்னரில் வைக்கச் சொல்வதும் புகையைக் கைக்கெட்டும் தூரத்திலேயே பிடித்துவிடத்தான்.

சிம்னியின் அடியில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். இரண்டு மாதம் கழித்து அதைக் கழற்றினால் உள்ளே தேன் நிறத்தில் கெட்டியான எண்ணெய், ஒரு விரல் கனத்துக்கு. மேலே உள்ள தகட்டு ஃபில்டரை நகத்தால் சுரண்டினால் மெழுகுபோல் சுருண்டு வரும். சோடா உப்பு போட்ட வெந்நீரில் அதை ஊறப்போட்டால் தண்ணீர் சில நிமிடங்களில் காப்பி நிறமாகும். கழுவாமல் விட்டால் மோட்டார் இரைந்துகொண்டே இருக்கும், காற்று மட்டும் போகாது. தாளிக்கும்போது தீ மேலே எழும்பினால் அந்தப் பிசுக்கே பற்றிக்கொள்ளும். பல வீடுகளில் அதைக் கழற்றிக் கழுவுகிறவர் வீட்டு வேலைக்கு வரும் அம்மாதான். தன் வீட்டில் அவர் சிலிண்டரைச் சமையலுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, குளிக்க வெந்நீரைக் கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டிச் சுள்ளி வைத்துத்தான் காய்ச்சுகிறார்.