பணி நிறைவும் பணியில் நிறைவும்

அக்கா மகள் கல்வியியலில் ஆய்வு செய்கிறாள். ஆசிரியர்களிடம் கொடுக்க வேண்டிய வினாத்தாளைத் தமிழாக்கி, போன மாதம் என்னிடம் கொண்டுவந்தாள். தலைப்பில் 'ஆசிரியர்களின் பணி நிறைவு' என்று இருந்தது. முதல் பள்ளியிலேயே ஒரு மூத்த ஆசிரியை அதைப் படித்துவிட்டு, "எனக்கு இன்னும் ஏழு வருஷம் சர்வீஸ் இருக்கேம்மா" என்றாராம்.

அவர் கேட்டது சரிதான். மே மாதக் கடைசியில் பள்ளி வாசல்களில் கட்டும் பேனர்களில் 'பணி நிறைவு பாராட்டு விழா' என்றுதானே அச்சடிக்கிறோம். ஓய்வு பெறுதல் என்ற பொருளில் அந்தச் சொல் ஊரறிந்த சொல்லாகிவிட்டது. ஆய்வேடுகளில் அதையே வேலையில் கிடைக்கும் மனநிறைவுக்கும் வைக்கிறார்கள். வேறு சிலர் 'பணித் திருப்தி' என்கிறார்கள். இன்னும் சிலர் 'பணி மனநிறைவு'. "எதைப் போடட்டும் மாமா?" என்று கேட்டாள். உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

'நிறை' என்பதற்குள் ஒரு பாத்திரம் இருக்கிறது. திருமணத்தில் வைக்கும் நிறைநாழி, நிறைகுடம், நிறைமாதக் கர்ப்பிணி, எல்லாவற்றிலும் கொள்ளளவு ஒன்று உண்டு. அது முழுவதும் கொண்டாயிற்று. குடம் நிறைந்த பிறகு ஊற்றுவதை நிறுத்திவிடுகிறோம். அதனால்தான் நிறைவு என்ற சொல்லுக்கு முடிவு என்ற பொருளும் இயல்பாக வந்து சேர்ந்தது. கூட்டம் நிறைவுற்றது, தொடர்கதை நிறைவடைந்தது, வாத்தியாரின் பணியும் நிறைவடைந்தது. சொல்லில் பிழையில்லை. ஆனால் நாளைக்கும் காலை ஒன்பதரை மணிக்கு வகுப்புக்குப் போக வேண்டியவரிடம் கேட்கிற கேள்விக்கு அது பொருந்தவில்லை.

'திருப்தி' வடமொழியிலிருந்து வந்தது. அதன் வேர் த்ருப்; உண்டு, பருகி, போதும் என்றாகும் நிலை. இதே வேரில் பிறந்த இன்னொரு சொல் நம் வீடுகளில் அமாவாசைதோறும் புழங்குகிறது: தர்ப்பணம். திருப்தியடைதல் என்பது திருப்தி என்றால், திருப்தி செய்வித்தல் என்பது தர்ப்பணம். எள்ளும் நீரும் இறைப்பவர் தம் மனநிலையைப் பற்றி அங்கே பேசுவதில்லை. முன்னோருக்குத் தாம் செய்ய வேண்டியதைச் செய்கிறார். நீத்தார் கடன் என்று தமிழில் அதற்குப் பெயரிட்டவர்கள் கடன் என்ற சொல்லைச் சும்மா வைக்கவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு ஆங்கிலச் சொல்லின் நினைவு வந்தது. 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' லத்தீனிலிருந்து கிளைத்தது. ஸாடிஸ் என்றால் போதுமானது. ஃபாகெரெ என்றால் செய்தல். போதுமானதைச் செய்தல். ரோமானியச் சட்டத்தில் அது கடன் கொடுத்தவரின் உரிமையைத் தீர்த்துவைப்பது. பிறகு கிறிஸ்தவத் திருச்சபையில், செய்த பாவத்துக்கு ஈடாகச் செய்யும் பரிகாரத்துக்கு அந்தப் பெயர் வந்தது. மானம் போனதென்று வாளெடுத்து எதிராளியை அழைத்தவன் கேட்டதும் 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' தான். சொத்து என்ற பொருளில் வழங்கும் 'அசெட்' கூட, கடனை அடைக்கப் போதுமான உடைமை என்று அதே ஸாடிஸிலிருந்து வந்தது. மனசுக்குள் தோன்றும் நிறைவு என்ற இன்றைய பொருள் இதற்கெல்லாம் பின்னால் வந்தது. அதன் ஒன்றுவிட்ட உறவான 'சாட்' பழைய ஆங்கிலத்தில் 'வயிறு நிரம்பிய, அலுத்துப்போன' என்று பொருள்பட்டு, இன்று 'சோகமான' என்று வழங்குகிறது. நிரம்பியதன் பின்னால் வரும் அலுப்பை அந்தச் சொல் தனக்குள் வைத்திருக்கிறது.

ஆக, நீர் இறைக்கும் நம் சொல்லும் கடன் தீர்க்கும் அவர்கள் சொல்லும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன: ஒருவர் செய்ய, மற்றவர் பெறுகிறார். செய்ய வேண்டியவர் யார் என்ற கேள்வி அந்தச் சொற்களுக்குள்ளேயே இருக்கிறது.

தொழிற்சாலைக்குள் நுழைந்தபோது இந்தக் கேள்வி மங்கியது. சிகாகோவை ஒட்டிய சிசெரோவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதோர்ன் ஆலை தொலைபேசிக் கருவிகள் செய்துவந்தது. 1924இல் விளக்கு வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் உற்பத்தியைப் பார்க்கும் சோதனையாக அங்கே தொடங்கிய ஆய்வு, 1928 முதல் 1930 வரை 21,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் பேட்டி காண்பதில் போய் நின்றது. முதலில் கைவசம் கேள்விப் பட்டியலோடு போனார்கள். கேட்டதை விட்டுவிட்டுத் தொழிலாளர்கள் தங்களுக்கு வேண்டியதைப் பேசினார்கள். பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, அவர்கள் போக்கிலேயே பேசவிடுவது என்று முடிவானது. அரை மணி நேரப் பேட்டி ஒன்றரை மணி நேரமாக நீண்டது. எவ்வளவு அருமையான முடிவு! ஆனால் ஆய்வாளர் எல்டன் மேயோவும் அவரைச் சேர்ந்தவர்களும் தொழிலாளர்கள் சொன்ன குறைகளில் பலவற்றை உணர்ச்சிகளாகவே படித்தார்கள். சொல்லி ஆறினால் போதும் என்ற எண்ணம் நிர்வாகத்துக்குப் பிடித்துப்போனது. கூலி போதவில்லை என்பது கணக்கு. அதை மனநிலையாக எழுதிக்கொண்டால் கொடுக்க வேண்டியவர் பக்கத்திலிருந்து பெற வேண்டியவர் பக்கத்துக்குப் பொறுப்பு நகர்ந்துவிடுகிறது. இதுதான் என் வருத்தம்.

1935இல் ராபர்ட் ஹாப்பக் எழுதிய நூலுக்குப் பிறகு 'ஜாப் சாட்டிஸ்ஃபேக்ஷன்' என்ற பெயர் ஆய்வுலகில் ஊன்றியது. பென்சில்வேனியாவின் நியூ ஹோப் என்ற சிற்றூரில் வேலை செய்பவர்களைக் கேட்டதோடு, 500 ஆசிரியர்களையும் அவர் கேட்டிருந்தார். பெயர் பிறந்த வீட்டிலேயே ஆசிரியர் இருந்திருக்கிறார்.

1959இல் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் வெளியிட்ட ஆய்வைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அது நம் மொழிக்கு நெருக்கமானது. பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் 203 பொறியாளர்களிடமும் கணக்கர்களிடமும், வேலையில் மிக நன்றாக உணர்ந்த நேரத்தையும் மிக மோசமாக உணர்ந்த நேரத்தையும் சொல்லச் சொன்னார்கள். நல்ல நேரங்களில் சாதித்தது, பாராட்டுப் பெற்றது, வேலையே தந்த இன்பம் ஆகியவை வந்தன. கெட்ட நேரங்களில் நிர்வாகத்தின் போக்கு, மேற்பார்வை, சம்பளம், சூழல். இரண்டும் ஒரே கோலின் இரு முனைகள் அல்ல என்றார் ஹெர்ஸ்பெர்க். திருப்திக்கு எதிர்ப்பதம் திருப்தி இல்லாமை. அதிருப்தி என்பது தனிக் கணக்கு. இந்தக் கோட்பாட்டை மறுத்தவர்களும் உண்டு. தமிழ் பேசுபவருக்கோ விளக்கமே வேண்டியதில்லை. 'சாப்பாடு திருப்தி இல்லை' என்பவர் இன்னும் பந்தியில்தான் இருக்கிறார். 'அதிருப்தி எம்.எல்.ஏ.' எழுந்து வெளியே போய்விட்டார். ஓர் 'அ' முன்னால் சேர்ந்ததும் குறைபாடு எதிர்ப்பாக மாறிவிடுகிறது.

அக்கா மகளின் வினாத்தாளில் இந்த வேறுபாடு காணாமல் போயிருந்தது. 1932இல் ரென்சிஸ் லிக்கெர்ட் வகுத்த முறையைத் தழுவிய ஐந்து கட்டங்கள்: மிகவும் திருப்தி, திருப்தி, நடுநிலை, அதிருப்தி, மிகவும் அதிருப்தி. நடுவில் இருப்பதைப் பாருங்கள். நடுநிலை என்பது நமக்குத் தராசின் முள்; நீதிபதிக்குரிய குணம். வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே தந்திருக்கிறார். மாதக் கடைசியில் கை வறண்டு நிற்பவர் 'நடுநிலை' என்று எப்படிக் குறிப்பார்? வேலை எப்படிப் போகிறது என்று கேட்டால் நம்மவர் சொல்வது ஒன்றே: "பரவாயில்லைங்க." கவலை என்று பொருள்படும் பாரசீகப் 'பர்வா', உருது வழியாக வந்து நம்மோடு தங்கிவிட்ட சொல். கவலையில்லை என்பது அதன் நேர்ப்பொருள். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லலாம், மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லலாம், இதைப் பேசி என்ன ஆகப்போகிறது என்றும் சொல்லலாம். குரல் கேட்டால் எது என்று தெரியும். கட்டத்தில் குரல் கேட்காது.

மாணவர் பக்கம் வந்தால் இந்தச் சொல்லின் திசையே திரும்பிவிடுகிறது. என் தலைமுறையில் ஆசிரியர்தான் திருப்தியடைய வேண்டியவர். 'நடத்தை: திருப்திகரம்' என்று எழுதினால் அதில் பாராட்டு இல்லை, குறை சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் பொருள். இப்போது மாணவரிடம் கேட்கிறார்கள். பிரிட்டனில் 2005 முதல் இறுதியாண்டு மாணவர்களிடம் தேசிய அளவில் கேட்டுவருகிறார்கள். படிப்பின் தரம் மொத்தத்தில் திருப்தியா என்ற கேள்வியை இங்கிலாந்தில் மட்டும் 2023இல் எடுத்துவிட்டார்கள். இங்கே, கல்லூரிகளை மதிப்பிடும், பெங்களூரில் உள்ள நாக் அமைப்பு 2017இல் திருத்திய மதிப்பீட்டு முறையில் மாணவர் திருப்தி ஆய்வைச் சேர்த்தது. மாணவரைக் கேட்பது நல்லது. கேட்காமலிருந்த காலமே நீண்டது. ஆனால் கற்பவருக்கு உடனே நிரம்பிவிடுவது நல்லதா? கும்பகோணம் சார்ங்கபாணிப் பெருமாளுக்கு ஆராவமுதன் என்று பெயர். ஆர்தல் என்றால் உண்ணுதல், நிரம்புதல். எவ்வளவு பருகினாலும் நிரம்பாத அமுது. ஆராமையைக் குறையாக எண்ணாமல் பெயராகச் சூட்டியிருக்கிறார்கள். ஒரு நல்ல வகுப்பு முடிந்து மணி அடிக்கும்போது மாணவனுக்குள் இருப்பது அந்த ஆராமைதான். அதற்கு எந்தக் கட்டத்தில் குறியிடுவான்?

அதே 'ஆர்' தான் மனமார, வாயார, கண்ணார, வயிறார என்பவற்றிலும் இருக்கிறது. இவை தனியே நிற்பதில்லை; ஒரு வினை கூடவே வர வேண்டும். வாயார வாழ்த்தினாள், வயிறாரச் சாப்பிட்டான், மனமாரச் சொல்லிக்கொடுத்தார். வாழ்த்துவதிலும் உண்பதிலும் சொல்லிக்கொடுப்பதிலுமே அந்த நிறைவு கலந்திருக்கிறது. ஆசிரியருக்கு வேண்டியது இந்தச் சொல் என்று எனக்குப் பட்டது.

கடைசியில் தலைப்பில் 'பணியில் மனநிறைவு' என்று ஓர் 'இல்' சேர்த்தோம். அந்த ஈரெழுத்து உருபு பணிக்கு நடுவே இருப்பவரிடம் கேட்கிறோம் என்று காட்டிவிடும். நடுநிலைக்குப் பதில் 'சொல்ல ஒன்றுமில்லை' என்று மாற்றினோம். முதல் கேள்வியை இரண்டாகப் பிரித்தோம். உங்களுக்குச் சேர வேண்டியது சேர்ந்ததா? இந்த வாரம் எந்த வகுப்பையாவது மனமார நடத்தினீர்களா? வழிகாட்டிப் பேராசிரியர் ஒப்புக்கொள்ள மாட்டார், இது அளவுகோலாகாது என்பார் என்று அவளுக்குப் பயம். பழைய தாளை அவரிடம் கொடுக்கட்டும் என்று விட்டுவிட்டு, புதிய தாளில் ஒரு பிரதியை அந்த ஏழு வருஷ ஆசிரியையிடம் அவள் கொண்டுபோனாள். முதல் கேள்விக்குக் கீழே அவர், பள்ளிக்கூடத்தில் தமக்கு இல்லாத கழிப்பறையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தார். இரண்டாவதற்கு, புதன்கிழமை, ஏழாம் வகுப்பு, பின்னங்கள்.