சாயத்தொட்டியில் பிறந்த மாத்திரை

கொடைக்கானல் பஸ் ஏறுமுன், முந்தானை முடிச்சை அவிழ்த்து அம்மா எடுத்துத் தரும் அவோமின் மாத்திரையை நம்மில் பலர் விழுங்கியிருப்போம். வாந்தியை அடக்கும் அந்தச் சின்ன மாத்திரையின் மூதாதை ஒரு நீலச் சாயம்.

1876இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தில் ஹைன்ரிச் காரோ துணிக்காக உருவாக்கியது மெத்திலின் நீலம். மருத்துவர் பால் எர்லிக் அதை உயிருள்ள பிராணியின் உடலில் செலுத்திவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தார். மெல்லிய நரம்பிழைகள் நீலக் கோடுகளாக எழுந்து நின்றன! நரம்போடு இந்த மூலக்கூறுக் குடும்பம் கொண்ட முதல் உறவு அது.

சாயத்தின் அமைப்பைத் துருவப்போன வேதியியலாளர் பெர்ன்ட்சென், 1883இல் அதன் எலும்புக்கூடான பீனோதயசீனைத் தயாரித்தார். பிறகு அது பூச்சிமருந்தாகவும், ஆடுமாடுகளின் குடற்புழு மருந்தாகவும் காலம் தள்ளியது.

1940களில் பிரான்சின் ரோன்-புலாங்க் நிறுவனம் அதே எலும்புக்கூட்டிலிருந்து ஒவ்வாமைக்குப் புரோமெதசீனைச் செய்தது. அவோமினில் இருப்பது அதுதான். கடற்படை அறுவை மருத்துவர் ஆன்ரி லாபொரி அதைத் தன் நோயாளிகளுக்குக் கொடுத்தபோது அவர்கள் வினோதமாக அமைதியானார்கள். இன்னும் வலுவானது வேண்டுமென்று கேட்டார். 1950 டிசம்பரில் பிறந்தது குளோர்புரோமசீன். 1952இல் பாரிஸின் செந்தான் மருத்துவமனையில் மனநல மருத்துவர்கள் தெலேயும் தெனிக்கரும் அதை மனநோய்க்கு முறையாகப் பயன்படுத்தினார்கள்.

உடனே நகல்காரர்கள் கிளம்பினார்கள். சுவிட்சர்லாந்தின் கெய்கி நிறுவனம் கையிலெடுத்த மூலக்கூறில், கந்தகம் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கார்பன்கள் இருந்தன. மனச்சிதைவுக்கு அது பயன்படவில்லை. ஆனால் மனச்சோர்வில் துவண்டவர்கள் தெளிவதை மனநல மருத்துவர் ரோலண்ட் கூன் கவனித்தார். இமிபிரமின் என்ற அந்த மருந்து, மனச்சிதைவு மருந்தாகத் தோற்றதாலேயே வென்றது. எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பிடித்த விபத்து இதுதான்.

2013இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சிறுசெல் நுரையீரல் புற்றுநோய்க்குப் பழைய மருந்து ஏதாவது உதவுமா என்று கணினியில் தேடினார்கள். அது நரம்புசார் சுரப்பிக் கட்டி. அதன் செல்கள் நரம்புச் செல்களைப் போலச் சமிக்ஞைகளை ஏற்கும் வாசல்கள் கொண்டவை. கணினி முன்வைத்த மருந்துகளில் இமிபிரமினும் புரோமெதசீனும் இருந்தன! அந்த வாசல்களை அடைத்து, எலிகளில் கட்டியின் வளர்ச்சியை அவை தடுத்தன.

அடுத்து, இமிபிரமினின் நெருங்கிய உறவான டெசிபிரமினை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு சிலரே சேர்ந்த அந்தச் சோதனை பலன் காணாமல் நின்றுபோனது. கீமோவுக்கு முதலில் பணிந்து, பெரும்பாலும் ஓராண்டுக்குள் திரும்பிவந்துவிடும் நோய் இது. வேறு வழி தேடி நின்றவர்களுக்கு அது சிறிய ஏமாற்றமாக இருந்திருக்காது.