நள்ளிரவில் ஓட்டுப் போடும் ஊர்

அமெரிக்க அதிபர் தேர்தல் நாளன்று நாட்டின் பிற பகுதிகள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே ஓர் ஊரின் முடிவு உலகம் முழுக்கச் செய்தியாகிவிடும். அந்த ஊரின் பெயர் டிக்ஸ்வில் நாட்ச். நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தின் வடகோடியில், கனடா எல்லைக்கு அருகே உள்ள ஒரு மலைக்கணவாய். ஊர் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம்தான். 2024 தேர்தலில் அங்கே பதிவான மொத்த ஓட்டுகள் 6!

நூறு பேருக்கும் குறைவானவர்கள் வசிக்கும் ஊர்களில் நள்ளிரவிலேயே வாக்குச்சாவடியைத் திறக்கலாம். எல்லோரும் ஓட்டுப் போட்டு முடித்ததும் மூடிவிட்டு உடனே எண்ணலாம். நியூ ஹாம்ப்ஷையர் சட்டம் இதற்கு இடம் தருகிறது. இந்த வழக்கத்தைத் தொடங்கியது டிக்ஸ்வில் அல்ல. அதே மாநிலத்தின் ஹார்ட்ஸ் லொகேஷன் என்ற சிற்றூரில் 1948லேயே நள்ளிரவு வாக்குப்பதிவு நடந்தது. அங்கிருந்த ரயில்வே தொழிலாளர்கள் விடியும் முன்பே வேலைக்குப் போகவேண்டும் என்பதுதான் காரணம். அதாவது, உழைக்கும் மக்களின் வசதிக்காகப் பிறந்த ஏற்பாடு இது.

டிக்ஸ்வில்லுக்கு இதைக் கொண்டுவந்தவர் நீல் டில்லட்சன். ரப்பர் பலூன், கையுறை தயாரிப்பில் பணம் சம்பாதித்தவர். 1954ல் அங்கிருந்த பால்சம்ஸ் என்ற பழைய சொகுசு ஹோட்டலை வாங்கினார். அந்த ஹோட்டலை நம்பித்தான் ஊரே இருந்தது. 1960 முதல் நள்ளிரவு வாக்குப்பதிவு அந்த ஹோட்டலிலேயே நடந்தது. பத்திரிகையாளர்கள் குவிந்தார்கள். முதல் ஓட்டை டில்லட்சனே போடுவார். 2001ல் தமது 102வது வயதில் இறக்கும்வரை அந்த வழக்கம் தொடர்ந்தது.

இனி ஊரின் அரசியல் சாய்வைப் பார்ப்போம். 1960ல் நிக்சனுக்கு 9 ஓட்டு, கென்னடிக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் நாட்டில் ஜெயித்தவர் கென்னடி! 1968ல் ஜனநாயகக் கட்சியின் ஹம்ஃப்ரி இங்கே ஜெயித்தார். நாடு நிக்சனைத் தேர்ந்தெடுத்தது. அதன்பின் 40 ஆண்டுகள் எந்த ஜனநாயகக் கட்சி வேட்பாளரும் இங்கே ஜெயிக்கவில்லை. 2004ல் புஷ்ஷுக்கு 19, கெர்ரிக்கு 7. அடுத்த தேர்தலில், 2008ல், ஒபாமாவுக்கு 15, மெக்கெயினுக்கு 6. நான்கே ஆண்டுகளில் தலைகீழ் மாற்றம்.

2011ல் ஹோட்டல் மூடப்பட்டது. வேலை போனதும் ஆட்களும் போனார்கள். 2004ல் 26 ஓட்டுகள் விழுந்த இடத்தில் 2012ல் விழுந்தவை 10தான். ஒபாமாவுக்கு 5, ராம்னிக்கு 5! 2016ல் ஹிலாரி கிளின்டன் 4, ட்ரம்ப் 2. 2020ல் பைடனுக்கு ஐந்துக்கு ஐந்தும். 2024ல் மறுபடியும் சமன், கமலா ஹாரிஸ் 3, ட்ரம்ப் 3.

இந்த எண்களைப் பார்த்து நாடு எந்தப் பக்கம் போகும் என்று கணிக்கலாமா? முடியாது. 1960, 1968, 2016 என்று பலமுறை நாடு வேறு பக்கம்தான் போயிருக்கிறது. ஒரு குடும்பம் வீடு மாறினாலே ஊரின் "அரசியல் அலை" மாறிவிடும். 2020 தேர்தலுக்கு முன், தேர்தல் நடத்தத் தேவையான பொறுப்புகளை ஏற்கவே ஆள் போதாமல் இந்த வழக்கம் நின்றுபோகும் நிலை வந்தது. புதிதாக ஒருவர் குடிவந்ததால்தான் தப்பியது.

ஆனால் இந்தச் சின்ன எண்களுக்குள் ஒரு பெரிய கேள்வி ஒளிந்திருக்கிறது. ரகசிய வாக்கு என்பது ஜனநாயகத்தின் அடிப்படை. ஹோட்டல் இருந்த காலத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மறைப்பு வைத்திருந்தார்கள். ஆனால் முடிவு 9-0 என்றோ 5-0 என்றோ வந்தால் அங்கே ரகசியம் ஏது? ஊரில் ஒவ்வொருவரும் யாருக்குப் போட்டார்கள் என்பது உலகத்துக்கே தெரிந்துவிடுகிறது. முதலாளியும் ஊழியர்களும் ஒரே அறையில், கேமராக்களுக்கு முன் ஓட்டுப் போடும் ஊரில் இது சாதாரண விஷயம் அல்ல.

இருந்தும் அந்த மக்கள் மந்தையாக ஓட்டுப் போட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் வாக்காளராகப் பதியும்போதே கட்சிச் சார்பையும் பதிவு செய்யலாம். 2024ல் டிக்ஸ்வில்லின் 6 பேரில் 4 பேர் குடியரசுக் கட்சியினராகப் பதிந்தவர்கள், 2 பேர் எந்தக் கட்சியும் சாராதவர்கள். அந்த ஆண்டு ஜனவரியில் குடியரசுக் கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடந்த முதல்நிலைத் தேர்தலில் 6 பேருமே நிக்கி ஹேலிக்குப் போட்டார்கள். ட்ரம்புக்குப் பூஜ்யம். நவம்பரில் அதே ட்ரம்புக்கு 3 கிடைத்தது. ஆக, ஹேலிக்குப் போட்டவர்களில் சிலர் ட்ரம்ப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். கட்சிக்காரர்களில் ஒருவராவது சொந்தக் கட்சியை விட்டு ஹாரிஸுக்குப் போட்டிருக்கிறார்.

வெறும் 6 பேர் உள்ள ஊரிலேயே கட்சி முத்திரையை வைத்து ஓட்டைச் சொல்ல முடியவில்லை. அப்படியிருக்க, வரைபடத்தில் ஒரு மாநிலம் முழுவதையும் சிவப்பு என்றும் நீலம் என்றும் வண்ணமடித்துப் பேசுகிறோம். அந்த வண்ணத்துக்கு அடியில் எத்தனை டிக்ஸ்வில்கள் மறைந்திருக்கின்றனவோ!