அண்ணியின் பெயர்மேல் மை

பரண்மேல் ஒரு டிரங்குப் பெட்டி. உள்ளே நாடா கட்டிய கடிதங்கள். பேத்தி பிரிக்கிறாள், பாட்டியின் பழைய காதல் வெளியே வருகிறது. இந்த மாதிரி நாவல்கள் வந்துகொண்டே இருக்கின்றன, எனக்கும் பிடிக்கும். ஆனா அதுல ஒரு சின்ன ஏமாத்து இருக்கு. கடிதக்கட்டு எப்போதும் முழுசாக இருக்கும். பேத்திக்கு முன்னால் யாரும் கத்தரிக்கோலோடு அந்தப் பெட்டியைத் திறந்திருக்க மாட்டார்கள்.

எமிலி டிக்கின்சன் வீட்டில் திறந்தார்கள்.

1886 மே மாதம், அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்ட் ஊரில் எமிலி இறந்தபோது வயது 55. அவருக்கு வந்திருந்த கடிதங்களைத் தங்கை லவினியா எரித்துவிட்டார். அன்றைக்கு அது சாதாரண வழக்கம். பிறகுதான் கவிதைகள் கிடைத்தன: நூலால் தைத்த 40 சிறு ஏடுகள், கூடவே ஏகப்பட்ட உதிரித் தாள்கள். இன்று நம்மிடம் இருப்பவை கிட்டத்தட்ட 1,800 கவிதைகள்.

லவினியா அவற்றை முதலில் பக்கத்து வீட்டு அண்ணி சூசனிடம் கொடுத்தார். எமிலி தன் கவிதைகளை அதிகம் அனுப்பியது சூசனுக்குத்தான். இளவயதுத் தோழி, பிறகு அண்ணன் ஆஸ்டினின் மனைவி. சூசன் நாளைக் கடத்த, பொறுமையிழந்த லவினியா தாள்களை மேபல் லூமிஸ் டாட் என்பவரிடம் கொண்டுபோனார்.

சிக்கல் அங்கேதான். மேபல் உள்ளூர்க் கல்லூரி வானியல் பேராசிரியரின் மனைவி. 1882லிருந்து ஆஸ்டினின் காதலி. இருவரும் சந்தித்துக்கொண்டது எமிலியும் லவினியாவும் வாழ்ந்த வீட்டில். சூசன் இருந்ததோ அடுத்த வீட்டில்! நாவல்ல இப்படி எழுதினா, ரொம்ப மிகைன்னு எடிட்டர் திருப்பி அனுப்பிடுவார். எமிலியை மேபல் நேருக்கு நேர் பார்த்ததே இல்லை. அவர் பியானோ வாசித்துப் பாடியதை எமிலி மறைவில் நின்று கேட்டதுண்டு, அவ்வளவுதான்.

மேபலை வில்லியாக்கிவிடுவது சுலபம். நான் ஆக்க மாட்டேன். அந்தப் புரியாத கையெழுத்தை வருடக்கணக்கில் படியெடுத்தவர் அவர். அவர் இல்லாவிட்டால் 1890ல் முதல் தொகுப்பு வந்திருக்காது. ஆனால் எமிலி ஆஸ்டினுக்கு எழுதிய கடிதங்களில் சூசனைப் பற்றிய இடங்கள் சுரண்டப்பட்டிருக்கின்றன, வெட்டப்பட்டிருக்கின்றன. சூசனைச் சகோதரி என்று கொண்டாடும் ஒரு கவிதையின் மேல் வரிவரியாக மை. சந்தேகம் மேபல், ஆஸ்டின் இருவர் மீதும் விழுகிறது. சூசனின் பெயரை நீக்கச் சொன்னது ஆஸ்டின்தான் என்பது மேபலின் மகள் தரப்பு. அந்தக் கவிதையை இன்று நாம் படிக்க முடிவதற்குக் காரணம், அதன் இன்னொரு பிரதியை எமிலி ஏற்கெனவே சூசனுக்கே அனுப்பியிருந்ததுதான்.

1895ல் ஆஸ்டின் இறந்தார். மேபலுக்குச் சேரவேண்டும் என்று அவர் விரும்பிய ஒரு துண்டு நிலத்துக்கு லவினியா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், பிறகு செல்லாது என்று வழக்குத் தொடர்ந்தார். 1898ல் மேபல் தோற்றார். தன்னிடம் மிச்சமிருந்த கவிதைகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். முப்பது வருடம். ஒரு வீட்டு மனைச் சண்டைக்காக நூற்றுக்கணக்கான கவிதைகள் கற்பூர மரப்பெட்டியில் கிடந்தன.

அடுத்த தலைமுறைக்குச் சண்டையே சீதனமாகப் போயிற்று. சூசனின் மகள் மார்த்தா தன் பங்கிலிருந்து 1914ல் ஒரு தொகுப்பு போட்டார். மேபலின் மகள் மில்லிசென்ட், ஹார்வர்டில் புவியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர், அம்மாவின் பெட்டியிலிருந்து 1945ல் இன்னொன்று கொண்டுவந்தார். மார்த்தா பக்கத்துத் தாள்கள் ஹார்வர்டுக்கும், மில்லிசென்ட் பக்கத்தவை ஆம்ஹர்ஸ்ட் கல்லூரிக்கும் போயின. கலைந்துபோன ஏடுகளின் பழைய வரிசையை மீட்டு ஃபிராங்க்ளின் வெளியிட்டது 1981ல்தான்.

ஆஸ்டின், மேபல் காதல் கடிதங்கள் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போய், 1984ல் பாலி லாங்ஸ்வொர்த்தின் தொகுப்பாக அச்சாயின. அவர் எழுதியதும் இருக்கிறது, இவர் எழுதியதும் இருக்கிறது. ஒளித்துவைத்தே ஆகவேண்டிய கடிதங்கள் என்பதால் பத்திரமாக ஒளித்துவைத்தார்கள் போலும். எமிலிக்கு சூசன் எழுதிய பதில்களை ஒளிக்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை. அவற்றில் கிட்டத்தட்ட எதுவும் மிஞ்சவில்லை.